முயல் தும்மினால் சாதாரண சளிதானா? வீட்டு முயலின் மூச்சுப் பிரச்சினையைக் கண்டுபிடிப்பது எப்படி? உடனே என்ன செய்யணும்?

"லேசா தும்முது, சளி பிடிச்சிருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்." வீட்டில் முயல் வளர்க்கும் பலரும் முதலில் நினைப்பது இப்படித்தான். நமக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விட்டுச் சமாளித்துவிடுவோம். முயலால் அது முடியாது. முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் விலங்கு. அதனால் அதற்கு மூக்கு அடைப்பு என்பது மூச்சே அடைப்பு மாதிரி.

இன்னொரு சிக்கலும் இருக்கு. குழந்தைக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக் சிரப் ஃப்ரிட்ஜில் மிச்சம் இருக்கும். "சின்ன உயிர்தானே, நாலு சொட்டு கொடுத்துப் பார்க்கலாம்" என்று தோன்றும். அந்த நாலு சொட்டு, சளியை விட வேகமாக முயலின் உயிரைப் பறிக்கலாம்.

முயலின் மூச்சுப் பிரச்சினையை எப்படி அடையாளம் காண்பது, எது அவசரம், எது காத்திருக்கலாம், வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 5 விஷயங்கள்

• வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், உதடு, ஈறு நீலம் பூத்தால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்க.
• மூக்கில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கெட்டியான சளி வந்தால் 24 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்க.
• முயல் சுமார் 12 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தால் அதுவும் அவசரம்தான்.
• அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது.
• முயலுக்கு வாரம் ஒருமுறை எடை, தினமும் சாப்பாடு, புழுக்கை, மூச்சு. இதைக் கவனித்தாலே பாதி ஆபத்தை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

முயல் ஏன் வாயால் மூச்சு விடாது?

மனிதனின் தொண்டையும் முயலின் தொண்டையும் ஒரே மாதிரி அமைந்ததல்ல. முயலின் குரல்வளை மூடி, அண்ணத்தின் மென்மையான பின்பகுதிக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கும். இதனால் மூக்கிலிருந்து மூச்சுக்குழாய்க்கு நேரடிப் பாதை கிடைக்கிறது. வாயிலிருந்து காற்று உள்ளே போகும் வழி கிட்டத்தட்ட மூடியே இருக்கும்.

ஆக, நாய் மாதிரி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குவது முயலுக்கு இயல்பு இல்லை. ஒரு முயல் தலையைத் தூக்கி, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது என்றால், மூக்கு வழி கைவிட்டுவிட்டது, உயிருக்குப் போராடுகிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. முயல் மற்ற விலங்குகளுக்கு இரையாகும் உயிர். பலவீனத்தை வெளியே காட்டினால் வேட்டையாடப்படும் என்பதால், நோயை மறைப்பது அதன் இயல்பு. வெளியே தெரியும் அளவுக்கு அறிகுறி வந்துவிட்டது என்றால், உள்ளே சில நாட்களாகவே பிரச்சினை இருந்திருக்கலாம்.

மூச்சை எண்ணுவது எப்படி?

ஆரோக்கியமான முயல் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 30 முதல் 60 முறை மூச்சு விடும். இதை எண்ணுவது சுலபம்.

முயல் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அதன் விலாப் பக்கத்தைப் பாருங்க. விலா ஒருமுறை மேலே எழும்பி இறங்கினால் ஒரு மூச்சு. செல்போனில் டைமர் வைத்து 15 நொடி எண்ணி, 4-ஆல் பெருக்கினால் நிமிடக் கணக்கு கிடைத்துவிடும்.

பலர் மூக்கு துடிப்பதை எண்ணிவிடுகிறார்கள். அது தப்பு. மூக்கு துடிப்பது மோப்பம் பிடிக்க. ஆர்வமாக இருந்தால் வேகமாகத் துடிக்கும், நிம்மதியாகத் தூங்கினால் நின்றேவிடும். மூச்சுக் கணக்குக்கு விலாவைத்தான் பார்க்கணும்.

ஓடி விளையாடிய பின்போ, பயந்திருக்கும்போதோ, வெயில் நேரத்திலோ எண்ணிக்கை கூடும். அதனால் முயல் நன்றாக இருக்கும் நாட்களிலேயே நாலைந்து முறை எண்ணி, அதன் வழக்கமான கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க. பிரச்சினை வரும்போது ஒப்பிட அது கை கொடுக்கும்.

அறிகுறிகளை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

எல்லாத் தும்மலும் நோய் இல்லை. எல்லாத் தும்மலும் சாதாரணமும் இல்லை. மூன்று நிலையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

1. கவனித்தால் போதும்

எப்போதாவது ஒன்றிரண்டு தும்மல். தண்ணீர் குடிக்கும்போது மூக்கில் ஏறியது, உலர்ந்த புல்லைக் கிளறும்போது தூசி போனது, தரை துடைத்த லோஷன் வாசனை. மூக்கு உலர்ந்து சுத்தமாக இருக்கு, சாப்பாடு, ஓட்டம் எல்லாம் வழக்கம்போல இருக்கு என்றால், தூசியையோ வாசனையையோ அகற்றிவிட்டு இரண்டு நாள் கவனியுங்க.

2. ஒரு நாளுக்குள் மருத்துவரைப் பார்க்கணும்

• திரும்பத் திரும்ப, அடுக்கடுக்காகத் தும்மல்.
• மூக்கிலிருந்து வெள்ளை, மஞ்சள் அல்லது பச்சை நிறச் சளி.
• முன்னங்கால்களின் உட்பக்க முடி திரிதிரியாக ஒட்டிக் காய்ந்திருப்பது. முயல் மூக்கை முன்னங்காலால்தான் துடைக்கும். மூக்கு சுத்தமாகத் தெரிந்தாலும் இந்த முடி காட்டிக் கொடுத்துவிடும்.
• கண்ணில் நீர் வடிதல், கண் ஓரம் பீளை, கன்னத்து முடி நனைந்து உதிர்தல்.
• தூங்கும்போது குறட்டை, விழித்திருக்கும்போது கொரகொர அல்லது விசில் சத்தம்.
• சாப்பாடு குறைவது, புழுக்கை சிறுத்துப் போவது, எடை இறங்குவது.
• தலை ஒரு பக்கமாகச் சாய்வது. மூக்கில் உள்ள தொற்று நடுக்காது வரை போனால் இப்படி ஆகலாம். மூளையைத் தாக்கும் ஒரு ஒட்டுண்ணியாலும் தலை சாயும். எதுவாக இருந்தாலும் மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

3. இப்போதே கிளம்பணும்

• வாயைத் திறந்து மூச்சு விடுவது.
• கழுத்தை நீட்டி, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. மூக்குத் துவாரங்கள் பெரிதாக விரிவது.
• ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறும் விலாவும் அழுத்தமாக ஏறி இறங்குவது.
• உதடு, ஈறு, நாக்கு இளஞ்சிவப்பாக இல்லாமல் நீலமாகவோ சாம்பலாகவோ மாறுவது.
• காது சில்லிட்டு, தொட்டாலும் அசையாமல் துவண்டு கிடப்பது.

மூன்றாவது நிலையில் "காலையில் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடாதீங்க. சில மணி நேரம்கூட அதிகம்.

தொற்று எப்படி வருகிறது?

முயலின் மூச்சுப்பாதைத் தொற்றுக்கு முக்கியக் காரணம் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா. விஞ்ஞானி லூயி பாஸ்டரின் பெயரால் அழைக்கப்படும் கிருமிக் குடும்பம் இது. போர்டெடெல்லா, ஸ்டெஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற கிருமிகளும் தனியாகவோ சேர்ந்தோ வரலாம். மூக்கு ஒழுகித் தும்மும் இந்த நோயை முயல் வளர்ப்பவர்கள் 'ஸ்னஃபில்ஸ்' என்று சொல்வார்கள்.

இந்தக் கிருமி நோயாளி முயலிடம் மட்டும் இருப்பதில்லை. பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் நிறைய முயல்களின் மூக்கிலும் அமைதியாகக் குடியிருக்கும். உடம்பு வலுவாக இருக்கும் வரை பிரச்சினை இல்லை. இடம் மாற்றம், நெரிசலான கூண்டு, நீண்ட பயணம், கடும் வெயில், திடீர் குளிர், சரியில்லாத சாப்பாடு, பயம் என ஏதாவது ஒன்று எதிர்ப்பு சக்தியைக் குறைத்தால் போதும், அது தலை தூக்கும். சந்தையிலோ பெட் ஷாப்பிலோ வாங்கி வந்த குட்டி, வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் தும்ம ஆரம்பிப்பது இதனால்தான்.

பரவுவது எப்படி? நேரடித் தொடர்பு, தும்மலில் தெறிக்கும் துளிகள், ஒரே தண்ணீர்க் கிண்ணம், ஒரே தட்டு, முயலைத் தொட்ட நம் கை. தாயிடமிருந்து குட்டிகளுக்கும் வரும்.

கவனிக்காமல் விட்டால் மூக்கோடு நிற்காது. கண், நடுக்காது, நுரையீரல் என்று இறங்கும். தோலுக்கு அடியில் கெட்டியான சீழ்க்கட்டிகளாகவும் வரலாம். நுரையீரலைத் தொட்டுவிட்டால் நிமோனியா. அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது மிகக் கஷ்டம்.

கிருமி இல்லாமலும் மூச்சுப் பிரச்சினை வருமா?

வரும். மருத்துவர் பார்க்காமல் நாமே "சளி" என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

கூண்டு நாற்றம்: முயலின் சிறுநீர் தேங்கினால் அமோனியா வாயு வெளியாகும். அது மூக்கின் உட்புறச் சவ்வை அரிக்கும். அரிபட்ட இடத்தில் கிருமி சுலபமாக வேர் பிடிக்கும். நின்றபடி முகர்ந்து பார்த்து "நாற்றம் இல்லையே" என்று சொல்லாதீங்க. கூண்டின் தரை மட்டத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்க. முயல் 24 மணி நேரமும் மூச்சு விடுவது அந்த உயரத்தில்தான்.

புகை, தூசி, வாசனை: கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி, சிகரெட் புகை, ரூம் ஸ்ப்ரே, பினாயில். நம் வீடுகளில் சகஜமான இவை எல்லாமே முயலின் மூக்குக்கு எதிரி. போகி அன்றும் தீபாவளி அன்றும் முயலை ஜன்னல் சாத்திய உள் அறையில் வைப்பது நல்லது. கூண்டில் போடும் மரத்தூள், தூசி பறக்கும் வைக்கோல், கட்டியாகும் வகைப் பூனை மணல் ஆகியவையும் வேண்டாம்.

பல்: முயலின் பல் ஆயுசு முழுக்க வளரும். முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வரை வளரும். நார்ச்சத்துள்ள புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். புல் குறைவாகவும் கேரட், பிஸ்கட், தானியம் அதிகமாகவும் கொடுத்தால் பல் வேர் தப்பான திசையில் நீண்டு, கண்ணீர்க் குழாயையும் மூக்குப் பாதையையும் அழுத்தும். வெளியே தெரிவது கண்ணில் நீர், மூக்கில் சளி. உண்மையான நோய் வாய்க்குள் இருக்கும்.

மூக்கில் சிக்கியது: புல் துணுக்கோ விதையோ மூக்கில் போய்ச் சிக்கலாம். ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி, திடீரென ஆரம்பித்த பலத்த தும்மல் என்றால் இதையும் மருத்துவரிடம் சொல்லுங்க.

வெயில்: முயலுக்கு வியர்க்காது. உடல் சூட்டை வெளியேற்ற அதற்குப் பெரும்பாலும் காதுகள்தான் வழி. 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். சென்னை, வேலூர், திருச்சி, மதுரை மே மாத வெயிலில் மொட்டை மாடிக் கூண்டு என்பது அடுப்பு மாதிரி. வேகமான மூச்சு, சிவந்து சூடான காது, மூக்கைச் சுற்றி ஈரம், துவண்டு படுப்பது எல்லாம் வெப்பத் தாக்கத்தின் அடையாளங்கள். இதைச் சளி என்று நினைத்துப் போர்வை போர்த்தினால் ஆபத்து இரட்டிப்பாகும்.

கட்டி, இதயம்: வயதான முயல்களில் நெஞ்சுக்கூட்டுக்குள் வரும் கட்டி, இதய நோய் ஆகியவையும் மூச்சுத் திணறலாகத் தெரியலாம். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயதாகும்போது கருப்பைப் புற்றுநோய் அதிகம் வருகிறது. அது நுரையீரலுக்குப் பரவக்கூடியது.

வீட்டில் இருக்கும் மருந்து ஏன் விஷமாகிறது?

முயலின் பெருங்குடல் தொடக்கத்தில் சீக்கம் என்ற பெரிய பை இருக்கிறது. அதில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள்தான் புல்லை நொதிக்க வைத்து முயலுக்குச் சத்தாக மாற்றித் தருகின்றன. முயலின் உயிர் அந்தப் பாக்டீரியாக்களின் கையில்தான் இருக்கு என்றே சொல்லலாம்.

அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் போன்ற மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், அந்த நல்ல பாக்டீரியாக்கள் அழிந்துபோகும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நச்சைக் கக்கும். முதலில் சாப்பாடு நிற்கும், பிறகு வயிற்றுப்போக்கு, சில நாட்களில் மரணம். பார்ப்பவர்களுக்கு "சளி முத்திப் போச்சு" என்று தோன்றும். உண்மையில் கொன்றது மருந்து.

அமாக்ஸிசிலின், அதோடு கிளாவுலனேட் சேர்ந்த சிரப்பும் மாத்திரையும், குழந்தைகளுக்குச் சளி, காது வலி, தொண்டை வலிக்கு மிகச் சாதாரணமாக எழுதித் தரப்படுபவை. பெரும்பாலான வீடுகளில் மிச்சம் இருக்கும். நாய், பூனைக்கும் இதைக் கொடுப்பது உண்டு. "நாய்க்குக் கொடுத்தோம், நல்லாயிடுச்சு" என்ற கணக்கு முயலிடம் செல்லாது.

அப்படியென்றால் முயலுக்கு ஆன்டிபயாட்டிக்கே கூடாதா? அப்படி இல்லை. என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோப்ரிம்–சல்ஃபா போன்றவற்றை மருத்துவர்கள் முயலின் எடைக்கு ஏற்ப அளந்து கொடுக்கிறார்கள். பென்சிலின் வகையில் சிலவற்றை ஊசியாக மட்டும் பயன்படுத்துவதும் உண்டு. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பது மருத்துவர் வேலை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவதும், வாட்ஸ்அப் குரூப்பில் வந்த அளவைப் பின்பற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

மனிதர்களுக்கான சளித் தைலம், மூக்கடைப்பு சொட்டு மருந்து, இருமல் சிரப், ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்து, களிம்பு எதுவும் நீங்களாகப் போடக் கூடாது. ஸ்டீராய்டு முயலின் எதிர்ப்பு சக்தியை எளிதில் குறைத்துவிடும்.

மருத்துவரிடம் போகும் வரை என்ன செய்யலாம்?

• முதலில் நீங்க பதற்றப்படாதீங்க. முயல் பயந்தால் அதற்கு ஆக்சிஜன் தேவை இன்னும் கூடும். டிவி, குழந்தைகள் சத்தம், நாய், பூனை எதுவும் இல்லாத அறையில் வையுங்க.
• வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் மூக்கின் வெளிப்பக்கச் சளியை மெதுவாகத் துடைங்க. துவாரத்துக்குள் எதையும் நுழைக்க வேண்டாம்.
• அறை காற்றோட்டமாக இருக்கட்டும். ஃபேனோ ஏ.சி.யோ நேராக முகத்தில் அடிக்கக் கூடாது.
• வெயில் தாக்கம் என்று சந்தேகம் இருந்தால் குளிர்ச்சியான அறைக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளை ஒற்றி எடுங்க. உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.
• மூச்சு விடும் விதத்தைச் செல்போனில் 30 நொடி வீடியோ எடுங்க. மருத்துவமனை மேஜையில் முயல் பயத்தில் உறைந்து உட்கார்ந்துவிடும். வீட்டில் எடுத்த வீடியோவும் சத்தமும் மருத்துவருக்குப் பெரிய உதவி. ஆனால் வீடியோவுக்காகக் கிளம்புவதைத் தள்ளிப்போடாதீங்க.
• காற்று போகும் கேரியரிலோ, ஓட்டை போட்ட உறுதியான பெட்டியிலோ, வழுக்காமல் இருக்கத் துண்டு விரித்து வையுங்க. கொஞ்சம் புல்லும் வைக்கலாம். பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு போவது வேண்டாம்.

செய்யவே கூடாதவை

• மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. அந்த நிலையில் முயல் அசையாமல் இருப்பது நிம்மதியால் இல்லை, பயத்தால். மூச்சுத் திணறும் முயலுக்கு இது கூடுதல் ஆபத்து.
• காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்தைத் தாங்கியபடி தூக்கணும்.
• குளிப்பாட்டக் கூடாது. மஞ்சள் தண்ணீர், வேப்பிலைத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.
• ஆவி பிடிக்க வைக்கக் கூடாது. மருத்துவமனையில் கொடுக்கும் நெபுலைசரும் வீட்டு ஆவியும் ஒன்றல்ல. சூட்டில் முயல் மயங்கிவிடும்.
• மூச்சு வாங்கும்போது சிரிஞ்சில் தண்ணீரோ கஞ்சியோ ஊட்டக் கூடாது. நுரையீரலுக்குள் போய்விடும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

நெருக்கடியான நிலை என்றால் முதலில் ஆக்சிஜன். பிறகுதான் மற்ற பரிசோதனை. நுரையீரல் சத்தம், பல், கண், காது பார்ப்பார்கள். தேவைப்பட்டால் நெஞ்சு, தலை எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. மூக்குச் சளியை எடுத்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று ஆய்வகத்தில் பார்ப்பதும் உண்டு. சளியைத் தளர்த்த நெபுலைசர் கொடுக்கலாம்.

மயக்க மருந்து தேவைப்படும் சிகிச்சை என்றால், "காலையிலிருந்து பட்டினி போடணுமா?" என்று கேட்பீர்கள். நாய், பூனை மாதிரி முயலைப் பட்டினி போடக் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது, குடல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கணும். மருத்துவர் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்க.

எங்கே போவது? சென்னையில் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியோடு மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. தனியார் மருத்துவமனை என்றால், போன் செய்து "முயல் பார்ப்பீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுப் போங்க. நாய், பூனை மட்டும் பார்ப்பவர்களும் உண்டு. இந்த நம்பரை நோய் வருவதற்கு முன்பே செல்போனில் சேமித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய 3 கேள்விகள்: இந்த மருந்தை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கலாமா? எத்தனை நாள் கொடுக்கணும்? எந்த அறிகுறி வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உங்களைக் கூப்பிடணும்?

முழுசாகக் குணமாகுமா?

ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பல முயல்கள் நன்றாகத் தேறிவிடும். ஆனால் சிகிச்சை மூன்று, ஐந்து நாள் கதை இல்லை. பெரும்பாலும் வாரக்கணக்கில் போகும். மூக்கெலும்பின் இடுக்குகளிலும் காதுக்குள்ளும் கிருமி ஒளிந்திருக்கும் என்பதால், தும்மல் நின்றவுடன் மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும்.

சில முயல்களில் கிருமியை முழுசாக ஒழிக்க முடியாது. அடக்கி வைக்கலாம். சுத்தமான கூண்டு, நல்ல புல், மன அழுத்தம் இல்லாத சூழல் இருந்தால் அந்த முயலும் பல வருடம் சந்தோஷமாக வாழும்.

சளியை விடச் சாப்பாடு ஏன் முக்கியம்?

முயல் வாசனை பார்த்துத்தான் சாப்பிடும். மூக்கு அடைத்தால் வாசனை தெரியாது, சாப்பாட்டில் ஆர்வம் போகும். சாப்பாடு நின்றால் குடல் ஓட்டம் நிற்கும். வாயு சேர்ந்து, வலி வந்து, இன்னும் சாப்பிடாது. மூச்சுப் பிரச்சினையில் தப்பித்த முயலைக்கூட குடல் நின்று இழக்க நேரிடலாம்.

அதனால் நோய் நாட்களில் புழுக்கையை எண்ணாவிட்டாலும், தினமும் பாருங்க. உருண்டையாக, போதுமான அளவில் இருக்கா? சிறுத்து, குறைந்து, நின்றுபோச்சா? வாசனை தூக்கலான கொத்தமல்லி, புதினா, ஈரம் துடைத்த அறுகம்புல் வைத்துப் பாருங்க. சிரிஞ்சில் ஊட்டணுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மூச்சு சீரான பிறகு, எப்படி ஊட்டுவது என்று அவரிடமே நேரில் கற்றுக்கொள்ளுங்க.

வராமல் தடுக்க என்ன வழி?

• சிறுநீர் ஈரமான விரிப்பைத் தினமும் மாற்றுங்க. மரத்தூளுக்குப் பதில் செய்தித்தாள், பருத்தித் துணி போதும்.
• உலர்ந்த புல்லை வீட்டுக்கு வெளியே உதறிவிட்டு வையுங்க.
• உணவில் பெரும்பங்கு புல்லாகவே இருக்கட்டும். கேரட் ஒரு துண்டு, பரிசு மாதிரி மட்டும்.
• கூண்டு வீட்டுக்குள், வெயிலும் சாரலும் படாத இடத்தில் இருக்கணும்.
• புது முயல் வாங்கினால் ஒரு மாதம் வரை தனி அறை, தனிக் கிண்ணம். பழைய முயலுக்கு முதலில் சாப்பாடு வைத்துவிட்டு, பிறகு புதியதைக் கவனியுங்க. இடையில் கை கழுவணும்.
• வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்க. எடை இறக்கம்தான் முயல் மறைக்க முடியாத அறிகுறி.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: எனக்குச் சளி பிடித்திருக்கு. முயலுக்கு ஒட்டுமா?

பதில்: நமக்குச் சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்களும் முயலின் மூக்குத் தொற்றுக் கிருமிகளும் வேறு வேறு. இருந்தாலும் முயலைத் தொடும் முன் கை கழுவுவது நல்லது.

கேள்வி: முயலிடமிருந்து எங்களுக்கு வருமா?

பதில்: தும்மலால் நம்மைத் தாக்குவது அரிது. ஆனால் பாஸ்டுரெல்லா கிருமி கடி, கீறல் வழியாகக் காயத்தில் தொற்றலாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, டாக்டரைப் பாருங்க. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும்.

கேள்வி: முயலையும் கினிப்பன்றியையும் ஒரே கூண்டில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். முயல் எந்த அறிகுறியும் இல்லாமல் சுமக்கும் போர்டெடெல்லா கிருமி, கினிப்பன்றிக்கு உயிரைப் பறிக்கும் நிமோனியாவைத் தரலாம். கடையில் இரண்டையும் ஒன்றாக அடைத்து வைத்திருப்பதைப் பார்த்து, வீட்டிலும் அப்படிச் செய்துவிடாதீங்க.

கேள்வி: இரண்டு முயல்கள் ஜோடியாக இருக்கின்றன. ஒன்றுக்குத் தும்மல். பிரிக்கணுமா?

பதில்: புதிதாகச் சேர்ந்தவை என்றால் பிரித்துவிடுங்க. நீண்ட நாள் ஒன்றாகவே இருந்த ஜோடி என்றால், மற்றதற்கும் கிருமி ஏற்கனவே போயிருக்கும். பிரிவின் அழுத்தமே நோயைக் கூட்டலாம். மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்க. இரண்டையும் காட்டுவது நல்லது.

கேள்வி: முன்பு மருத்துவர் எழுதிய சீட்டு இருக்கு. அதே மருந்தைத் திரும்ப வாங்கலாமா?

பதில்: கூடாது. முயலின் எடை மாறியிருக்கும், கிருமி அந்த மருந்துக்குப் பழகியிருக்கலாம், இந்த முறை காரணமே பல்லாகவோ வெயிலாகவோ இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. 200, 300 ரூபாய்க்கு வாங்கிய முயலுக்கு அதைவிடப் பல மடங்கு செலவில் வைத்தியமா என்று வீட்டில் பேச்சு வரலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் வீட்டு முயல் 8 முதல் 12 வருடம் வரை வாழும். வலி என்று கத்தவும் தெரியாது, மூச்சு முட்டுகிறது என்று சொல்லவும் தெரியாது. முன்னங்கால் முடி ஒட்டியிருப்பதும், புல் தட்டு காலியாகாமல் இருப்பதும்தான் அது சொல்லும் சேதி. இன்று இரவு கூண்டை மூடும் முன் அந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்க.